மூன்றால் வகுத்தல்

முதல் செட் சக்கரம்
ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் உடைந்தது.
நைலான். வெள்ளை. தட்டுவடை அகலம்.
துளை மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது,
பஸ்ஸில் கிறுகிறுப்பு வந்த ஆள் போல.

எங்கள் பட்டறை பகலில்தான் பட்டறை.
இரவு எட்டுக்கு அது
சென்னகேசவன் சாரின் கார் நிற்கிற இடம்.
அதனால்தான் பாதி வாடகை.
ஏழரைக்கு
வெல்டிங் செட், மேஜை, கிரைண்டர், துளை மெஷின்
எல்லாம் கிழக்குச் சுவரோரம் போய் ஒண்ட வேண்டும்.
விடிந்தால் நடுவுக்கு வர வேண்டும்.
அன்னதானப்பட்டியில் இரும்பை
நாளைக்கு இரண்டு தரம் நடத்திக் கூட்டிப்போகிறவர்கள் நாங்கள்.
மிச்ச நேரத்தில்
கொலுசுப் பட்டறைகளுக்கு ஸ்டாண்டு அடிக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டையில் தூறல்.
கடைக்காரர் சக்கரங்களை ஒவ்வொன்றாக
மேஜைமேல் உருட்டிவிட்டார்.

ரப்பர் சத்தம் போடாது.
ஆனால் பாரத்தோடு ஒரு வாரம் நின்றால் அடி தட்டையாகி
பிறகு போகுமிடமெல்லாம் தடக் தடக்கென்று
நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே வரும்.

வார்ப்பிரும்புக்கு ஒன்றும் ஆகாது.
தரைக்கு ஆகும்.
கீறல் விழுந்தால் அட்வான்சில் கழிப்பேன் என்று
பத்திரத்திலேயே எழுதியிருக்கிறார் சார்.

பாலியூரித்தேன், சிவப்பு.
பையிலிருந்து ஒரு துருவலை எடுத்தேன்,
எங்கள் மெஷினே சீவிப்போட்ட சுருள்.
சக்கரத்தில் வைத்து அழுத்தினேன்.
மலிவான சிவப்பில் குத்தி அப்படியே நின்றது.
அடுத்த சிவப்பில் குத்தியது, உதிர்ந்தது.
கடைக்காரர் விலையைச் சொல்லாமல்
மழையைப் பார்த்தார்.

சுழற்றிவிட்டு எண்ணினேன். பதினொன்று வரை ஓடியது.
கிரீஸ் அடிக்க மூக்கு இருக்கிறதா? இருக்கிறது.
பிரேக் சக்கரத்தை மட்டும் பிடிக்கிறதா,
தலை திரும்புவதையும் பிடிக்கிறதா?
லூர்துமேரி செருப்புக் காலால் மிதித்தால் விழுமா?
அவள் செருப்பு மாதிரியே ஒன்றைப் போட்டுவந்திருந்தேன்.
மிதித்தேன். விழுந்தது.

“பாரம் எவ்வளவுங்க?”
“முந்நூற்று அறுபது கிலோ.”
“நாலால வகுத்தா தொண்ணூறு.
நூறு கிலோ சக்கரமே தாராளங்க.”
“மூணால வகுங்க.”
“மெஷினுக்கு நாலு மூலைதானுங்களே?”

நாலுதான்.
ஆனால் எங்கள் தரை சாக்கடைப் பக்கம் சரிகிறது,
நடுவில் ஒரு வெடிப்பு,
வாசலில் ஷட்டர் பள்ளம்.
நேற்று மேஜைச் சக்கரங்களுக்கடியில்
செய்தித்தாள் நுழைத்துப் பார்த்தேன்.
மூன்றில் சிக்கியது. ஒன்றில் வழுக்கி அந்தப்பக்கம் வந்தது.
ஒரு ஜாண் தள்ளினேன்.
இப்போது அந்தச் சக்கரம் மிதிக்கிறது,
இன்னொன்று தூக்கிக்கொண்டது.

இதுவரை அவரிடம் சொன்னேன்.
சொல்லாதது:
சங்கக் கடனிலும் கையெழுத்து நாலு.
மாசித் தவணைக்கு அமிர்தவல்லி இல்லை,
பையனுக்கு டெங்கு.
சித்திரையில் மும்தாஜ், கை சுட்டுக்கொண்டது.
வைகாசியில் நான்.
என்ன காரணம் என்று இப்போது வேண்டாம்.
தவணை ஒரு மாதமும் நிற்கவில்லை.

நூற்றிருபது வரும், கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று
நூற்றைம்பது கிலோ சக்கரம், நாலு.
ஒன்று அறுநூற்று நாற்பது. பேரம் பேசி அறுநூற்றுப் பத்து.
போல்ட்டு தனி என்றார். அதற்குத்தான் சண்டை.

அன்றிரவு மாட்டி முடிக்கவே எட்டாகிவிட்டது.
வெளியே ஹாரன்.
பிரேக்கை எடுத்துவிட்டு நாலு பேரும் கை வைத்தோம்.
வெடிப்பைத் தாண்டும்போது
முந்நூற்று அறுபது கிலோ ஒருமுறை முனகி, பிறகு
மாவு வழுக்குவது போல் போனது.

கார் விளக்கு உள்ளே வந்தது.
அந்த வெளிச்சத்தில்
சுவரோர மூலைச் சக்கரம் ஒன்று
தரையைத் தொடாமல்
சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
லூர்துமேரி அதைப் பார்த்தாள்.
குனிந்து அதற்கும் பிரேக் போட்டுவிட்டு
டிபன்பாக்சை எடுத்துக்கொண்டாள்.